வாறுகால் ஊரணியில் முடியக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களுக்குக் குழாய்க் குடிநீர் வந்ததைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. வீட்டுக்குள் வந்த தண்ணீர் வெளியேறி எங்கே போகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான மதிப்பீடு. ஆயிரம் பேர் வாழும் ஊருக்குத் தினமும் 44,000 லிட்டர் வரும். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர் போன்ற சிற்றூர்களில் இவ்வளவும் சிமென்ட் வாறுகால் (தெருவோரக் கழிவுநீர்க் கால்வாய்) வழியே நேராக ஊரணியில் போய் விழுகிறது.

வாறுகால் தேவைதான். ஆனால் அது சாக்கடையைத் தெருவிலிருந்து ஊரணிக்கு நகர்த்துகிறதே தவிர, ஒரு சொட்டைக்கூடச் சுத்தம் செய்வதில்லை.

குளிக்கிற, பாத்திரம் துலக்குகிற தண்ணீரை அந்தந்த வீட்டு உறிஞ்சுகுழியிலேயே இறக்கிவிடலாம் என்கிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் பல ஊர்களில் குழி தோண்டவும் செய்தார்கள். செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் அது நன்றாகவே வேலை செய்யும். எங்களுடையதோ கரிசல். நனைந்ததும் ஊதிக்கொண்டு, தண்ணீரைக் கீழே விடாது. எல்லா மண்ணுக்கும் ஒரே வரைபடம் என்றால், கரிசலில் தோண்டிய குழி கொசு வளரும் தொட்டியாகத்தான் முடியும். இங்கே வாறுகால் முடிகிற இடத்தில், ஊரணிக்கு முன்பாக, வண்டல் படிய ஒரு தொட்டியும் அதை அடுத்துச் சரளைக்கல் நிரப்பிய படுகையும் வேண்டும். படுகையில் சம்பும் கல்வாழையும் நட்டால், வேரிலும் கல்லிலும் படரும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைத்துவிடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும்படி அமைத்தால் மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் வண்டலை அள்ளவும் செடியை அறுக்கவும் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எழுதாமல் கட்டுகிற படுகை ஓரிரு ஆண்டுகளில் அடைத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய கவலை கழிப்பறைக் கழிவு. "கட்டின நாளிலிருந்து லாரியே கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடியில் தளம் போடாத பெரிய குழியைத்தான் அவர்கள் செப்டிக் டேங்க் என்கிறார்கள். கரிசலைத் தாண்டி, தண்ணீரைக் கீழே விடுகிற சுக்கான் (சுண்ணாம்புச் சரளை) மண் வரை தோண்டிய குழி நிரம்பாது. உள்ளே இருப்பது கிருமியோடு கீழே இறங்கிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே அடிகுழாய் இருந்தாலும். முறைப்படி கட்டிய டேங்க்கிலும் கசடு மட்டுமே அடியில் தங்கும். வெளிவரும் நீர் சுத்தமானதன்று. அந்தக் குழாயையும் சிலர் வாறுகாலில் செருகிவிடுகிறார்கள்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்த லாரி எங்கே கொட்டும்? போக இடம் இல்லாததால் இருட்டியபின் ஓடையில் கொட்டுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் தனி நிலையம் கட்டுவது நடக்காது, தேவையும் இல்லை. பக்கத்து நகரத்து நிலையத்தில் கிராமத்து லாரிகளும் கொட்டலாம் என்ற ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்து தந்தால் போதும்.

பணம் இல்லை என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. 15-ஆவது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது. எங்கள் பகுதியில் அதில் வாறுகால் நீண்டதைப் பார்த்தோம்; சுத்திகரிப்பைப் பார்க்கவில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடுகிறது. புது வாறுகாலுக்கு மதிப்பீடு போடும்போதே கடைசியில் வடிகட்டும் படுகைக்கும் அதன் பராமரிப்புக்கும் சேர்த்தே போட வேண்டும் என்று அன்று ஊராட்சிகள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள் அதற்கு முன்பே ஊர் ஊராக மண்ணைச் சோதித்து, எங்கே குழி, எங்கே படுகை என்று எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்