சில்வர்டன் பட்டறைப் பெரியவருக்கு

கொலராடோ மலைகளில் 9,300 அடி உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர் சில்வர்டன். கடைசிப் பெரிய சுரங்கம் 1991-ல் மூடியாயிற்று. இப்போது குளிர்காலத்தில் அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற ஸ்கீ (பனிச்சறுக்கு) பைத்தியங்கள்தான்.

போன மாதம் பனிக்கடியில் இருந்த பாறையில் மோதி, என் ஸ்கீ பலகையின் எஃகு விளிம்பு பிய்ந்து, அடுக்குகள் வாய் பிளந்துவிட்டன. வாங்கிய கடைக்குப் போன் செய்தால், “புதுசு வாங்கிக்கோங்க” என்றார்கள்.

காபிக் கடையில் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர், “எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்” என்றார். கார் கொட்டகையில் ஒற்றை ஆளாக ஸ்கீ செய்து விற்கிறவர். விரல் நகமெல்லாம் காய்ந்த எப்பாக்ஸி பசை.

பிளவில் மெல்லிய ஆப்பு செருகி, ஹேர் டிரையரால் ஈரத்தைப் போக்கினார். “ஈரம் இருந்தா பசை பிடிக்காது” என்று அரை மணி நேரம் அதிலேயே இருந்தார். அப்புறம் பசையைக் குச்சியால் ஆழத் தள்ளி, மெழுகுத்தாள் சுற்றி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்கினார். மறுநாள்தான் கையில் கொடுத்தார்.

காசு வாங்கவில்லை. அந்த ஊரில் இதற்குக் கூலி பியர்தானாம். சரி என்று வாங்கிப்போனால் ஆளைக் காணோம். புதுப் பனி விழுந்திருந்தது, மலைக்குப் போய்விட்டார். வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

இதை நீங்கள் படிக்கப் போவதில்லை, பெரியவரே. இருந்தாலும் ரொம்ப நன்றி. விளிம்பு இன்னும் அசையவில்லை.