சொதிப் பக்கம் திறக்கவில்லை

குன்னூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சாந்தா,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, மலை ரயில் இரண்டு நாளாக ஓடவில்லை. இவருக்கு முட்டி வலி. வழக்கமான செய்தி இவ்வளவுதான்.

உன் அம்மாவின் காரியத்துக்கு நான் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு போன் கூடப் பண்ணவில்லை. ஏழு மாதம் ஆகிவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் முதல் வாரம் தள்ளிப் போட்டேன். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எப்படிப் பேசுவது என்று மற்ற மாதங்கள் போயின. என் மேல் கோபம் இருந்தால் அது நியாயம்தான். அம்மாவைப் பற்றிப் பேசத்தான் எழுதுகிறேன். சொதி, அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு, அதன் வழியாக வருகிறேன், பொறுத்துக்கொள்.

போன வாரம் கார்த்தியும் மருமகளும் வந்திருந்தார்கள். "அத்தை, எங்க பக்கம் மறுவீட்டு விருந்துன்னா சொதிதான். நீங்க வைப்பீங்களா?" என்று கேட்டாள். பாளையங்கோட்டைப் பெண் வாய்விட்டுக் கேட்கிறாள், சும்மா இருக்க முடியுமா? சொதிக்குப் போடுகிற காய் முக்கால்வாசி எங்கள் மலையில் விளைகிறது. கேரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் மண் ஈரம் காயாமல் மார்க்கெட்டில் கிடக்கும். தேங்காய்தான் கீழேயிருந்து ஏறி வரவேண்டும். காயை நறுக்கி, மூன்று தேங்காய்ப்பாலும் பிழிந்து வைத்துவிட்டு, அம்மாவின் அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று போனில் உன் சமையல் வலைப்பூவில் சொதிப் பக்கத்தைத் திறந்தேன்.

இந்த முகவரி விற்பனைக்கு என்று வந்தது.

தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி தட்டினேன். அதேதான். ஈரக் கையோடு அப்படியே நின்றேன், சாந்தா. எட்டு வருஷம் எழுதியதடி. உன் நீலத் தட்டு, அதில் அம்மா கை விரல் தெரிகிற அந்தக் கூட்டாஞ்சோறு படம், எதுவும் இல்லை.

ராஜியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்தில்தான் பணம் கட்ட வேண்டிய கெடு வந்ததாம், நினைவூட்டல்கள் நீ பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போனதாம், அப்புறம் கேட்டதற்கு எல்லாம் அழிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்ததாம். அதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். "போகட்டும், இப்போ யார் படிக்கிறாங்க" என்று நீ சொன்னதாகச் சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சரி, கேள். உன் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் இல்லை, எழுபத்து மூன்று. 2010-லிருந்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பக்கம் இரண்டு ரூபாய் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து வைத்தவை. சமையலறையில் அரிசி டின் மேல் இருக்குமே ஒரு பச்சை ஃபைல், நீ கூட "இது என்ன நிலப் பத்திரமா?" என்று கேட்டாயே, அதுதான். அந்தக் கடைப் பையன் பக்கத்தை அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவான். குறிப்பு இரண்டு பக்கம், அதன் கீழே படித்தவர்கள் எழுதிய கேள்வியும் உன் பதிலும் ஏழு பக்கம். அப்போதெல்லாம் வீண் செலவு என்று அவனைக் கடிந்துகொண்டிருக்கிறேன். இப்போது அந்த ஏழு பக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் படித்தேன். தோஹாவிலிருந்து ஒரு பெண் டின் தேங்காய்ப்பால் ஊற்றினால் சொதி திரிகிறதே என்று கேட்கிறாள். நீ வீட்டில் ஒரு டின் வாங்கி, இரண்டு முறை வைத்துப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியில் ஊற்று என்று நாலு நாள் கழித்துப் பதில் எழுதுகிறாய். ஹாஸ்டல் பையன் ஒருவன் குக்கர் இல்லாமல் உளுந்தஞ்சோறு வருமா என்கிறான். ஒரு அம்மாள் உன் இஞ்சித் துவையலில் புளி குறைவு என்று சண்டை பிடிக்கிறார். நீ விட்டுக்கொடுக்காமல் பத்து நாள் வாதாடி, கடைசியில் குறிப்பையே திருத்தியிருக்கிறாய். உன்னைத் திருத்த அந்த அம்மாளால் முடிந்திருக்கிறது! ஹாஸ்டலில் ரவை விஷயத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்தும் முடியவில்லையே.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உமா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய சமையல் புத்தகங்களை இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் வலைப்பூவில் தொடங்கிய பெண்கள் எழுதியவை. டெப் பெரல்மன் என்று ஒருத்தி, நியூயார்க்கில் 42 சதுர அடிச் சமையலறை. நம் வீட்டுப் பூஜை அறையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சமையல் கல்லூரி எதிலும் படிக்காதவள். 2006-இல் எழுதத் தொடங்கி 2012-இல் முதல் புத்தகம் போட்டாள். அதில் எந்தக் குறிப்பை எடுத்தாலும், எந்த இடத்தில் நமக்குச் சந்தேகம் வருமோ சரியாக அந்த இடத்தில் ஒரு வரி இருக்கிறது. மாவு இப்போது தளர்வாகத்தான் தெரியும், பயப்படாதே என்கிற மாதிரி. இது எப்படித் தெரிந்தது இவளுக்கு என்று யோசித்தேன். முகம் தெரியாத ஆயிரம் பேர் ஆறு வருஷம் அவளிடம் கேட்டிருக்கிறார்கள், அப்படித்தான் தெரியும். உன்னைக் கேட்ட மாதிரியே.

சந்தீபா முகர்ஜி தத்தா என்று அமெரிக்காவில் இருக்கிற ஒரு வங்காளப் பெண்ணும் 2006-இல்தான் தொடங்கினாள். தன் மகள்களுக்கு வங்கச் சாப்பாடு தெரியவேண்டுமே என்ற கவலையில் எழுதியது, 2013-இல் புத்தகமாக வந்தது. பெங்களூரின் நந்திதா ஐயர் டாக்டருக்குப் படித்தவர். அவருடைய புத்தகம் 2018-இல். ஜூலி பவல் கதை உனக்கே தெரியும், 2002-இல் தொடங்கி, ஜூலியா சைல்டின் பிரெஞ்சுச் சமையல் புத்தகத்திலிருந்த 524 குறிப்பையும் ஒரே வருஷத்தில் சமைத்துத் தீர்த்தவள். ஆனால் அவள் புத்தகத்தை நான் சமையல் புத்தகமாக எண்ணவில்லை. அது அவள் வாழ்க்கை. அதை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க முடியாது. உன்னுடையதை வைத்துக்கொண்டு நிற்கலாம், நான் பதினைந்து வருஷமாக நிற்கிறேன்.

ஒரு குறை சொல்லட்டுமா? பெரல்மன் புத்தகத்திலிருந்து ஒரு கேக் செய்தேன், இரண்டு முறையும் நடுவில் குழி விழுந்தது. குற்றம் அவளுடையதில்லை, அவள் கடல் மட்டத்தில் இருந்து எழுதுகிறாள். நாங்கள் 1850 மீட்டரில் இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் பேக்கிங் பவுடர் தருகிற வாயு அதிகமாக விரிகிறது. கேக் வேகும் முன்பே சரசரவென்று எழும்பி, நிற்க வலுவில்லாமல் அமுங்கிவிடுகிறது. பவுடரைக் கால் பங்கு குறைத்து, இரண்டு ஸ்பூன் பால் கூட்டி, ஓவனில் பத்து டிகிரி ஏற்றினேன். குழி இல்லை. தண்ணீரும் அப்படித்தான், இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் அதற்கும் ஒரு டிகிரி முன்னால். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. நீ தூத்துக்குடியில் உட்கார்ந்து, பாசிப்பருப்பு திறந்த பாத்திரத்தில் இருபது நிமிஷம் என்று எழுதிவிட்டாய். நான் வேகவில்லை என்று எழுதியதற்கு "உன் மலைக்குத் தனி அடுப்பா வைக்க முடியும்?" என்று பதில் போட்டாயே, அந்தப் பக்கமும் ஃபைலில் இருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் "நாற்பது, மூடி போட்டு" என்று குறித்து வைத்திருக்கிறேன். இட்லி மாவுக்கும் குறித்திருக்கிறேன்: மார்கழியில் பதினாறு மணி நேரம், கம்பளி சுற்றி.

ஆனால் அம்மா சொன்ன எதையும் நான் திருத்த வேண்டி வரவில்லை, சாந்தா. அதுதான் நேற்று ராத்திரி கண்ணில் பட்டது. தீபாவளிக்கு அதிரசம் செய்யும்போது, உமா வாங்கித் தந்த தெர்மாமீட்டரை வைத்து, புத்தகத்தில் போட்டிருந்த 115 டிகிரி வரும்வரை பாகை விட்டேன். கல்லாகிவிட்டது. தண்ணீர் ஆறு டிகிரி முன்னால் கொதிக்கிற ஊரில் பாகும் ஆறு டிகிரி முன்னாலேயே பதத்துக்கு வந்துவிடும், அந்த நம்பர் இங்கே செல்லாது. உன் அதிரசப் பக்கத்தில் அம்மா சொன்னதாக நீ எழுதியிருக்கிறாய்: ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விடு, கரையாமல் திரண்டு விரலுக்கு உருட்ட வந்தால் தக்காளிப் பதம், இறக்கிவிடு. அது தூத்துக்குடியிலும் சரி, குன்னூரிலும் சரி. மலை ஏறி வராத மனுஷி, மலைக்கும் சேர்த்துச் சொல்லிவைத்திருக்கிறார். அதைப் படித்தபோதுதான் முதல்முறையாக அழுதேன். ஏழு மாதம் அழாமல் இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆகவே புத்தகம் போடு. கெஞ்சிக் கேட்கிறேன். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' போட்டபோது, படித்தவர்களின் கேள்வியைப் பார்த்துக் குறிப்பைத் திருத்த அவருக்கு வலைப்பூ இல்லை. உனக்கு எட்டு வருஷக் கேள்வி கையில் இருக்கிறது. நூறு பிரதி போதும், இப்போது அச்சகங்களில் அப்படியும் அடித்துத் தருகிறார்கள். பளபளப்புப் படம் வேண்டாம். குறிப்பு, அதன் கீழே சிறிய எழுத்தில் கேட்டவர்களின் கேள்வி, உன் பதில். பெயர்களை எடுத்துவிடு, "தோஹாவிலிருந்து" என்றால் போதும். துவையல் சண்டையை மட்டும் முழுசாகப் போடு. என் பென்சில் குறிப்புகளையும் மலைக்காரர்களுக்கு என்று ஓரத்தில் சேர்த்தால் சந்தோஷப்படுவேன்.

புதன்கிழமை ஃபைல் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன். அசல் என்னிடம்தான் இருக்கும், உன்னை நம்பி அதைத் தரமாட்டேன். அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று ராஜியும் நீயும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். துவையலுக்குச் சண்டை பிடித்த அந்த அம்மாளின் மின்னஞ்சல் உன்னிடம் இருந்தால் ஒரு வரி போடு. அவரும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கக் கூடும்.

மருமகளுக்கு அன்று நினைவில் இருந்ததை வைத்துச் சொதி வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள், ஆனால் "எங்க ஆச்சி வைக்கிறதுல வேற ஒரு வாசம் இருக்கும் அத்தை" என்றாள். ஃபைலில் சொதியின் இரண்டாம் பக்கம் அடியில் மை படியாமல் ஒரு வரி போயிருக்கிறது. "முதல் பால் ஊற்றி இறக்கியதும், எலுமிச்சை பிழிவதற்கு முன்னால், அம்மா ஒரு..." என்பது வரை தெரிகிறது. அம்மா ஒரு என்ன? மறக்காமல் எழுது.

உன்,
விஜி