நூறுக்குக் கீழே என்றால் மந்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தை வளர்ப்புக் கட்டுரையில், ஐ.க்யூ. (அறிவுத்திறன் தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்) நூறுக்குக் கீழே இருந்தால் பிள்ளை மந்தம், அது பிறவியில் வருவது, மாற்ற முடியாது என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

சராசரி 100 என்று வரும்படிதான் அந்தத் தேர்வுகளுக்கு மதிப்பெண்ணே அமைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியென்றால் ஏறக்குறைய பாதிப் பேர் நூறுக்குக் கீழேதான் இருப்பார்கள். பாதி ஊரை மந்தம் என்று அச்சடித்துவிட்டீர்களே!

தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனைச் சோதித்துவிட்டு 68 என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். சோதிப்பவர் சொல்லும் எண்களை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். பையன் ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தான். இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது, பஞ்சு வைத்திருந்தான். அதை யாரும் கேட்கவில்லை. வைத்தியம் பார்த்த பிறகு மறுபடி சோதித்தபோது 91. அதற்குள் வீட்டில், தெருவில், வகுப்பில் அவனுக்கு மக்கு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை எந்தச் சான்றிதழும் அழிக்கவில்லை.

1905-இல் பாரிசில் பினே என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றிய சிமோனும் இந்தத் தேர்வை உருவாக்கியதே, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவி செய்யத்தான். அறிவு ஒரே அளவில் நின்றுவிடும், கூட்டவே முடியாது என்றவர்களை பினே எழுத்திலேயே கண்டித்தார். அது அமெரிக்கா போனதும் முத்திரை குத்தும் கருவியாகிவிட்டது. மனவயது ஒன்பது, அதாவது ஒன்பது வயதுப் பிள்ளையின் அறிவுதான் என்று சொல்லப்பட்ட கேரி பக் என்ற பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பரம்பரை மந்தம் என்பதுதான் காரணம். ஆனால் அவருடைய மகள் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள்.

பிறவி, பிறவி என்கிறீர்கள். பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போன நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்து ஆண்டுக்கு மூன்று புள்ளி வீதம் ஏறியிருக்கிறதே, அது எப்படி? பரம்பரை அவ்வளவு சீக்கிரம் மாறாது. பள்ளிக்கூடம், சாப்பாடு, உடல்நலம் எல்லாம் மாறியதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்து விநாடியில் விடை சொன்னால் உங்கள் ஐ.க்யூ. 140 என்று புதிர்ப் பக்கத்தில் மாதாமாதம் போடுகிறீர்கள். விரல் ரேகையைப் பார்த்துப் பிள்ளையின் அறிவையும் எதிர்காலப் படிப்பையும் சொல்லும் விளம்பரம் கடைசி அட்டையில் வருகிறது. அந்த ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது. பிள்ளை எதைக் கற்கும் என்பதை அது எப்படிச் சொல்லும்? எங்கள் தெருவில் ஒரு தாய் சங்கிலியை அடகு வைத்து அந்தச் சோதனைக்குப் பணம் கட்டினார். உங்கள் பத்திரிகையில் வந்திருக்கிறதே என்றுதான் நம்பினார். இருபது வருடமாக வாங்கும் பத்திரிகை என்பதால் எனக்கும் அது வலித்தது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். நான்கு வரி போதும். கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்