ஜேன் உங்கள் அறைக்கு வந்தாள்

மனிதவளத் துறையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும்,

வணக்கம். 'தி அசிஸ்டன்ட்' என்றொரு படம். கிட்டி கிரீன் இயக்கி 2019இல் முதலில் திரையிடப்பட்டது. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. நியூயார்க்கில் ஒரு திரைப்படத் தயாரிப்பு அலுவலகம், அங்கே புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஜேன், அவளுடைய ஒரே ஒரு நாள். அவ்வளவுதான் கதை. தயவுசெய்து பாருங்கள்.

முதலாளியின் முகம் கடைசி வரை திரையில் வராது. போனில் திட்டும் குரல் மட்டும்தான். அவருடைய ஆசை என்னவெல்லாம் செய்கிறது என்பதை ஜேன் துடைக்கும் சோபாவிலும், தரையில் கிடைக்கும் ஒற்றைக் கம்மலிலும்தான் பார்க்கிறோம். அப்புறம், அனுபவமே இல்லாத ஓர் இளம்பெண் திடீரென்று வேலைக்கு வருகிறாள். அவளை ஹோட்டலில் தங்க வைக்கிறார்கள். முதலாளியும் அங்கேதான் என்று அலுவலகத்தில் பேச்சு. ஜேன் உங்களைத் தேடி வருகிறாள்.

அந்தக் காட்சிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேத்யூ மெக்ஃபேடியன் நடித்த அந்த மனிதவள அதிகாரி கனிவாகத் தொடங்குகிறார், குறிப்பு எடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் பேச்சு அவள் பக்கம் திரும்பிவிடுகிறது. வருங்காலத்தில் என்ன ஆக வேண்டும்? தயாரிப்பாளர் ஆக வேண்டும் என்கிறாள். சரி, பிடி கிடைத்துவிட்டது. முதலாளியின் ஆசையைப் பற்றிச் சொல்ல வந்தவளை, அவளுடைய ஆசையைக் காட்டியே வாயடைத்து அனுப்புகிறார். அவள் கிளம்பும்போது, கவலைப்பட வேண்டாம், அவருக்குப் பிடித்த ரகம் நீங்கள் இல்லை என்கிறார். அதாவது, எல்லாம் தெரிந்தவர்தான்.

அவள் இடத்துக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே விஷயம் முதலாளிக்குப் போய்விடுகிறது. மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதுகிறாள். சொற்களை எடுத்துக்கொடுப்பவர்கள் கூட வேலை பார்க்கும் ஆண்கள்.

நானும் ஒருமுறை அப்படியோர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிட்டு, நன்றி வேறு சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

உங்கள் பயிற்சி வகுப்புகளில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். வந்தவர் சொல்வதை முழுக்க எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானா என்று அவரிடமே கேளுங்கள். பதவி உயர்வு, எதிர்காலம் என்ற பேச்சே அந்த அறையில் வேண்டாம். அவர் எழுந்து போனதும் மேலிடத்துக்குப் போன் போடாதீர்கள். ஜேனிடம் இருந்ததெல்லாம் ஒரு கம்மலும் ஒரு ஹோட்டல் பெயரும்தான். உங்களிடம் வருகிறவர்கள் பலரிடமும் அவ்வளவுதான் இருக்கும். மீதியை விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்.