கிளப் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கையாலும் காலாலும் பந்தாடும் நம் அயர்லாந்து ஆட்டமான கேலிக் ஃபுட்பாலில் எல்லா வயதுப் பிரிவிலும் அணி இறக்கினோம். மைனர் என்னும் பதின்வயதுப் பிரிவில் மட்டும் ஆள் போதாமல் பக்கத்து ஊருடன் சேர்ந்து ஆட வேண்டியிருந்தது. கீழ் மைதானத்தில் இன்னும் தண்ணீர் தேங்குகிறது. லாட்டரிச் சீட்டு வரவு பற்றிப் பொருளாளர் சொல்வார். கோலிலிருந்து 40 மீட்டர் தூரத்து வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2 புள்ளி என்ற புது விதியைப் பையன்கள் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். நடுவர்களாக நிற்கும் நமக்குத்தான் நாளானது.

இனி, இந்த ஆண்டு ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் கிளப்பிய கேள்விக்கு வருகிறேன். நம் லீஷ் கவுண்டியின் (மாவட்டத்தின்) அணி ஏன் இப்படிச் சரிந்தது? இந்த ஆண்டு நான்கு டிவிஷன் லீக்கில் நாம் மூன்றாம் டிவிஷனில் இருந்தோம். அங்கிருந்து மேலே ஏறியவை ஆஃபலியும் கில்டேரும், இரண்டுமே நம் அண்டைக் கவுண்டிகள். “நல்ல பையன்கள் இல்லை, அவ்வளவுதான்” என்று பின் வரிசையிலிருந்து ஒரு பதில் எப்போதும் வரும். அது சரியென்று எனக்குப் படவில்லை.

1996இல் நம் மைனர் அணி கெர்ரியை வென்று அயர்லாந்து முழுமைக்குமான கோப்பையை எடுத்தது. அப்போது மைனர் என்றால் 18 வயதுக்குட்பட்டோர். 1997இல் டைரோனை வென்று அதே கோப்பை மறுபடியும் வந்தது. அந்தப் பையன்கள் 24, 25 வயதை எட்டிய 2003 பருவத்துக்குத்தான் மிக் ஓ'ட்வயர் பயிற்சியாளராக வந்தார். கில்டேரை 2-13க்கு 1-13 என்று வென்று, 1946க்குப் பிறகு முதல்முறையாக நம் மாகாணமான லென்ஸ்டரின் பட்டம் பெற்றோம். (புதிதாகச் சேர்ந்த பெற்றோருக்காக: முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. ஒரு கோலுக்கு 3 புள்ளி.) ஓ'ட்வயர் இந்த ஏப்ரலில் காலமானார். கெர்ரிக்குப் பயிற்சியாளராக 8 அகில அயர்லாந்துப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த மனிதர், ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அவர் 2003தான். அவர் வந்து மந்திரம் போட்டார் என்று பேசுவது பிடித்தமான பேச்சு. மந்திரம் பலித்தது, ஏழு வருடங்களுக்கு முன்பே பையன்கள் தயாராகியிருந்ததால்.

அதே 2003இல் மைனர் கோப்பையும் நமக்கே வந்தது, டப்ளினை மறு ஆட்டத்தில் வென்று. 2007இல் 21 வயதுக்குட்பட்டோர் இறுதியில் கார்க்கிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். கணக்குப்படி பார்த்தால் 2010 வாக்கில் இன்னொரு லென்ஸ்டர் பட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2004, 2005, 2007 என்று மூன்று இறுதிகளில் தோற்றோம். அப்புறம் 2018 வரை இறுதிப் பக்கமே போகவில்லை. 2018இலும் டப்ளினிடம் 1-25க்கு 0-10. 2020 அரையிறுதியில் அதே டப்ளின் 2-23 அடித்தது, நாம் 0-7. 2017இலும் 2022இலும் நான்காம் டிவிஷனுக்கு இறங்கினோம். 2024இல் அந்த டிவிஷனை வென்று ஏறினாலும் இரண்டாம் நிலை அணிகளுக்கான டால்டன் (Tailteann) கோப்பை இறுதியில் டவுனிடம் 2 புள்ளியில் விட்டோம்.

அந்தப் பையன்கள் எங்கே போனார்கள்? சிலர் போன இடம் எல்லாருக்கும் தெரியும். காலம் பெக்லியும் பிரெண்டன் குயிக்லியும் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடப் பிரிஸ்பேன் லயன்ஸுக்குப் போனார்கள், திரும்பியும் வந்தார்கள். போர்ட்லீஷ் பையன் ஸாக் டூயி அங்கேயே நெடுங்காலம் ஆடினார். 2022இல் ஜீலாங் அணியோடு அங்கே சாம்பியன் ஆனார். நம் ஆட்டத்தில் சம்பளம் கிடையாது, அங்கே உண்டு. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெயர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம். 2008 பொருளாதாரச் சரிவில் கட்டட வேலை நின்றது. சிட்னி, லண்டன், நியூயார்க் என்று 22, 23 வயதில் கிளம்பினார்கள். 2003 மைனர்களுக்குச் சரியாக அந்த வயது.

ஆள் குறைவு என்ற பேச்சுக்கு வருவோம். 2002 மக்கள்தொகைக் கணக்கில் லீஷ் 58,774 பேர். 2022இல் 91,877. மைனர் கோப்பைகள் வந்தது சின்ன லீஷுக்கு. பெரிய லீஷ் மூன்றாம் டிவிஷனில் இருக்கிறது. தினமும் ரயிலேறி டப்ளினுக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் குடும்பங்கள் நம் புதுக் குடியிருப்புகளில் நிறைய. அவர்களிடம் போய் “பையனைச் சனிக்கிழமை அனுப்புங்கள்” என்று நாம் சொன்னோமா? டப்ளின் கிளப்புகளில் முழுநேரச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பள்ளி பள்ளியாக அனுப்புகிறார்கள். அதற்கான பணம் பங்கிடப்பட்ட விதம் அநியாயம் என்பதே என் கருத்தும். ஆனால் அதை மட்டும் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தால் ஒரு பையனும் மைதானத்துக்கு வரமாட்டான். 14 ஆண்டுகள் தொடர்ந்து டப்ளின் வைத்திருந்த லென்ஸ்டர் பட்டத்தை இந்த மே மாதம் லவுத் கவுண்டி எடுத்தது, 1957க்குப் பிறகு முதல்முறையாக. அதே ஆண்டு அவர்களுடைய 20 வயதுக்குட்பட்டோர் அணி அகில அயர்லாந்து இறுதிவரை போனது.

நம் கிளப்பில் பத்து வயதுப் பையன்களுக்குப் பயிற்சி தரப் பெற்றோர் போட்டி போடுகிறார்கள். பதினாறு வயதுக்கு ஒருவரும் கை தூக்குவதில்லை. 2018இலிருந்து கவுண்டி மைனர் 17 வயதோடு முடிகிறது. 20 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைக்காதவனுக்கு “அடுத்த வருஷம் வா” என்று சொல்லக்கூட ஆளில்லை. பள்ளி இறுதித் தேர்வு, அப்புறம் கல்லூரி, வாடகை அறை. வெள்ளிக்கிழமை ஊருக்கு வர பஸ் காசு பார்க்கிறான். ஸ்லீவ் புளூம் மலைப் பக்கத்துப் பையனாக இருந்தால், மட்டையால் ஆடும் ஹர்லிங் அணியும் அதே மாலையில் கூப்பிடும். இரண்டுக்கும் சரி சொல்ல முடியாமல் இரண்டையும் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே செயற்குழு சார்பில் ஒரு முன்மொழிவை வைக்கிறேன். 17 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கென்றே ஒரு பயிற்சியாளர், பக்கத்து ஊர்களோடு கோடையில் ஒரு சிறு லீக், கல்லூரிப் பையன்களின் பயணச் செலவுக்கு லாட்டரி வரவிலிருந்து ஒரு பங்கு. பொருளாளர் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. கீழ் மைதான வடிகாலை இன்னொரு ஆண்டு தள்ளிப் போட்டால் பணம் இருக்கும். புதுக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போவதற்குப் பெயர் கொடுக்கும் தாள் கதவருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.

முன்மொழிவை வழிமொழிய ஒருவர் தேவை. அதன் பிறகு வாக்கெடுப்பு, பொருளாளர் அறிக்கை, தேநீர்.

செயலாளர்