பழ ஈ ஆய்வும் பதவியற்ற ஆய்வாளர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் சாவகச்சேரியைச் சேர்ந்த மாம்பழச் செய்கையாளர் ஒருவர், கடன்பட்டு நிற்கும் நாட்டில் பழ ஈயின் மரபணுக்களை ஆராய்வோருக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பனவு வழங்குவது எந்த வகையில் நியாயம் என்று கேட்டிருந்தார். தன் தோட்டத்துக் கறுத்தக்கொழும்பான் பழங்களை அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது என்றும், அதை ஒழிக்க வழி சொல்லாமல் ஈயின் பரம்பரை வரலாற்றைத் தேடிக்கொண்டிருப்பதால் விவசாயிக்கு என்ன பயன் என்றும் அவர் எழுதியிருந்தார். கொழும்பில் பழ ஈக்களின் கூர்ப்பு மரபணுவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகப் பணியாற்றுகின்ற எனக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு என்று கருதுகிறேன். வரி செலுத்துபவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

அவருடைய தோட்டத்தில் முட்டையிடும் ஈயும் என் ஆய்வுகூடத்தில் வளரும் ஈயும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மாம்பழத்தின் தோலைத் துளைத்து முட்டையிடுவது பக்ரோசெரா டோர்சாலிஸ் என்ற இனம். அதன் ஆண் ஈக்கள் மெதைல் யூஜினோல் என்ற பொருளின் வாசனைக்கு விரைந்து வரும். துளசி இலையிலும் அந்தப் பொருள் இருப்பதனால்தான் கசக்கிய துளசியைப் பொறியில் வைத்தாலும் அவை வந்து மொய்க்கின்றன. நான் வளர்ப்பது டுரோசோபிலா மெலனோகாஸ்டர் எனப்படும், 3 மில்லிமீற்றரை எட்டாத, செந்நிறக் கண்களைக் கொண்ட சிற்றீ. கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தில் உள்ள மதுவத்தைத் தின்று வாழும் அந்த ஈ நல்ல காயைத் தொடுவதில்லை.

ஆயினும் மாம்பழ ஈயின் விடயத்திலும் பரம்பரை வரலாறு வெறும் ஏட்டுப் படிப்பாக இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டு கென்யாவில் புதிதாக ஒரு பழ ஈ கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையில் கிடைத்த மாதிரிகளோடு அது ஒத்துப்போனதால், இந்தப் பிராந்தியத்திலிருந்தே ஆபிரிக்காவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று கருதி, 2005இல் அதைப் புதிய இனமாக விபரித்து பக்ரோசெரா இன்வாடென்ஸ் என்று பெயரிட்டார்கள். அது ஆபிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி, பல நாடுகளின் மாம்பழ ஏற்றுமதியை முடக்கியது. அது உண்மையில் தனி இனமா, அல்லது ஆசியாவில் ஏற்கெனவே அறியப்பட்ட டோர்சாலிஸ் தானா என்ற கேள்விக்கு உடலமைப்பு, இனக்கலப்பு, மரபணு ஆகிய மூன்று வகைச் சான்றுகளும் தேவைப்பட்டன. இரண்டும் ஒன்றே என்று 2015இல் முடிவாயிற்று. ஓர் ஈக்கென வகுத்த தடுப்பு முறையும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் மற்றதற்கும் பொருந்துமா என்பது அந்த ஒரு விடையில் தங்கியிருந்தது.

இனி என்னுடைய ஈக்களைப் பற்றிச் சொல்கிறேன். சந்தைகளில் பழக்கடைகளின் பின்புறத்தில், அழுகிய கதலி வாழைப்பழமும் சிறிது மதுவமும் இட்ட போத்தல்களை வைத்து அவற்றைப் பிடிக்கிறோம். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, காபனீரொட்சைட்டு வாயுவால் சிறிது நேரம் மயக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பிரிக்கிறோம். ஆண் மெலனோகாஸ்டரின் வயிற்று நுனி கறுத்திருக்கும், முன்னங்காலில் சீப்புப் போன்ற ஒரு வரிசை முட்கள் இருக்கும். வெப்பவலய நாடுகளில் அதனோடு கலந்து வாழும் டுரோசோபிலா அனனாசேயின் ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பதில்லை. கருக்கட்டிய ஒவ்வொரு காட்டுப் பெண் ஈயையும் தனித்தனிக் குழாயில் விட, அதன் சந்ததி ஒரு தனி வழியாக, அதாவது ஒரே தாயிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வம்சமாக, பெருகுகிறது. சோளமா, சீனி, மதுவம், அகார் ஆகியவற்றைக் காய்ச்சி ஊற்றிய உணவு அடியில் இருக்கும், மேலே பஞ்சடைப்பு. 25 பாகை செல்சியசில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சியடைந்த ஈ வெளிவர ஏறத்தாழ 10 நாட்கள் போதும். அதன் பிறகு டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து வெளிநாட்டில் வாசிக்கக் கொடுத்து, திரும்பி வரும் கோடிக்கணக்கான துண்டுகளை 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதன்முதலாக வெளியிடப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்டு வந்த முழு மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் எந்த மாற்றம் பரவியிருக்கிறது, அதைப் பரப்பியது இயற்கைத் தேர்வா தற்செயலா என்று கணிக்க வேண்டும். உண்மையில் என் வேலை நாளின் பெரும்பகுதி கணினியின் முன்னால்தான் கழிகிறது.

தோமஸ் ஹண்ட் மோர்கன் 1910இல் நியூயோர்க்கில் ஒரு வெண்கண் ஆண் ஈயைக் கண்டதிலிருந்து இந்தச் சிற்றீ உயிரியலுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. நிறமூர்த்தங்களில் மரபணுக்கள் இருக்கின்றன என்பதில் தொடங்கி உடலின் நாளாந்தக் கடிகாரம் வரை, 1933 முதல் 2017 வரையில் பல நோபல் பரிசுகள் இதை வைத்துச் செய்த ஆய்வுகளுக்குக் கிடைத்தன. அவற்றைப் பட்டியலிடுவது என் நோக்கமில்லை. இந்த ஈயின் பயன் எங்கிருந்து வந்தது என்பதையே சொல்ல விரும்புகிறேன்: யாரோ ஒருவர் பல பத்தாண்டுகளுக்கு முன் பிடித்த ஈயின் வழியை, அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று தலைமுறை தலைமுறையாக உயிரோடு காத்துவந்ததிலிருந்து அது வந்தது. நெல்லை உலர்த்தி வைக்கலாம், பற்றீரியாவை உறையவைக்கலாம். ஈயின் வழிகளை உறையவைத்துச் சேமிப்பது இன்றும் வழக்கத்துக்கு வரவில்லை. இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, குளிரான அறையில் என்றால் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை, ஒருவர் கையால் புதிய குழாய்க்கு மாற்றியே ஆக வேண்டும்.

அப்படிக் காத்ததால் தெரியவந்தவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். 1970களில், புதிதாகப் பிடித்த காட்டு ஆண் ஈக்களைப் பழைய ஆய்வுகூட வழிகளின் பெண் ஈக்களோடு சேர்த்தபோது பிறந்தவை மலடாயின. காரணத்தைத் தேடியபோது, பி மூலகம் எனப்படும், தானாகவே இடம் மாறிக்கொள்ளும் ஒரு டி.என்.ஏ. துண்டு, டுரோசோபிலா வில்லிஸ்டோனி என்ற தென் அமெரிக்க இனத்திலிருந்து மெலனோகாஸ்டருக்குத் தாவி, 20ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே உலகெங்கும் உள்ள காட்டு ஈக்களில் பரவிவிட்டது தெரிந்தது. நூற்றாண்டின் முற்பகுதியில் பிடித்துப் போத்தலில் காத்துவந்த வழிகளில் அது இருக்கவில்லை. அந்தப் போத்தல்கள் இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

இரண்டாவது உதாரணம் கொழும்பு வாசகர்களின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வொல்பாக்கியா என்பது பூச்சிகளின் கலங்களுக்குள் வாழ்ந்து, முட்டை வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் பற்றீரியா. பழ ஈக்களில் அது வைரசுத் தொற்றை எதிர்க்க உதவுகிறது என்று 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. இயற்கையில் ஈடிஸ் ஈஜிப்தி நுளம்பில் இருந்திராத அந்தப் பற்றீரியாவை, டபிள்யூமெல் என்ற வகையாக, மெலனோகாஸ்டர் ஈயிலிருந்தே எடுத்து நுளம்புக்குள் செலுத்தினார்கள். அதைத் தாங்கிய நுளம்பில் டெங்கு வைரசு எளிதில் பெருகுவதில்லை. தாங்கிய ஆண் தாங்காத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை என்பதால் பற்றீரியா தானாகவே நுளம்புக் கூட்டத்தில் பரவுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடத்தப்பட்ட பரிசோதனையில் டெங்கு நோயாளர் 77 சதவீதம் குறைந்தனர் என்று 2021இல் அறிக்கையிடப்பட்டது. இலங்கையில் நுகேகொடையிலும் கொழும்பின் சில பகுதிகளிலும் 2020இல் இந்த நுளம்புகள் விடுவிக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டில் மட்டும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான நாட்டில், பிள்ளையின் இரத்தச் சிறுதட்டு எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் விடிய விடிய நின்ற பெற்றோருக்கு இந்தப் பற்றீரியாவின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. அந்தப் பற்றீரியாவின் வகைகள் கடந்த நூற்றாண்டில் ஈக்களிடையே எப்படி ஒன்றையொன்று அகற்றிப் பரவின என்பதையும் பழைய போத்தல் வழிகளை வைத்தே 2005இல் கண்டறிந்தார்கள்.

நுளம்பை விடுவித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. 26 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே நாளாந்தம் ஏறி இறங்கும் வெப்பத்தில் நுளம்புக் குடம்பிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்தபோது டபிள்யூமெல் பெருமளவு குறைந்துபோனது. வெயிலில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீர் வடக்கிலும் கிழக்கிலும் எவ்வளவு சூடேறும் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். பற்றீரியாவும் வைரசும் நுளம்பும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை ஆண்டுதோறும் மாதிரி எடுத்து வாசிக்க வேண்டும். புகையூட்டலில் பயன்படும் பைரித்திரொயிட்டு மருந்துகளைத் தாங்கும் விகாரங்கள் இலங்கை ஈடிஸ் நுளம்புகளிலும் பதிவாகியுள்ளன. அந்த விகாரங்கள் ஏற்படும் மரபணுவை முதலில் அறிந்துகொண்டது, வெப்பம் ஏறியவுடன் வாதமுற்று விழும் ஒரு பழ ஈ வகையிலிருந்துதான். நன்னீரில் மட்டுமே பெருகும் என்று நம்பப்பட்ட ஈடிஸ் நுளம்புகள் உவர் நீரிலும் பெருகுவதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் காட்டியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்களே. மலேரியா அற்ற நாடென்று 2016 செப்டெம்பரில் சான்றிதழ் பெற்ற நமக்கு, அதன் பின் நீண்ட காலம் செல்லுமுன்பே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு வந்து சேர்ந்திருப்பதைச் சொன்னவர்களும் அவர்களே. கூர்ப்பு நம் முற்றத்தில் நடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களின் நிலையைச் சொல்லவே இந்தக் கடிதத்தின் எஞ்சிய பகுதியை எடுத்துக்கொள்கிறேன். கலாநிதிப் பட்டம் பெற்று, விரிவுரையாளர் பதவி கிடைக்கும் முன் சில ஆண்டுகள் முழுநேரமாக ஆய்வு செய்பவருக்கு மற்ற நாடுகளில் ஒரு பதவிப் பெயரும் சம்பள அளவும் உண்டு. இங்கு என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் நிதியில், ஆராய்ச்சி உதவியாளர் என்ற பெயரில், ஓராண்டுக்கு ஒரு முறை நீடிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கிறோம். எனக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை; மகப்பேற்று விடுமுறை இல்லை; மாணவர் என்ற சலுகையும் இல்லை. சனி, ஞாயிறும் பெருநாளும் ஈக்களுக்குக் கிடையாது என்பதால் எனக்கும் கிடையாது. இதைப் பெரிய குறையாக நான் சொல்ல வரவில்லை, விரும்பித்தான் இந்த வேலையை எடுத்தேன். ஆனால் ஒப்பந்தம் முடிகிற அன்று நான் போய்விடுவேன். எனக்குப் பின் யார் என்று எவரும் நியமித்திருக்க மாட்டார்கள். விதைநெல்லைப் போல் காத்துவந்த வழிகள் அடுத்த மாதத்துக்குள் பஞ்சடைப்புக்குள்ளேயே இறந்துவிடும்.

இது கற்பனையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, நான் அப்போது பணிபுரிந்த இடத்தில் மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடைக்கவில்லை. கொழும்பின் அறை வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பல வழிகளில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். குழாய்களை ஈரத்துணியால் சுற்றி, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சீமெந்துத் தரையில் வரிசையாகக் கிடத்தினோம். காலையில் போய்ப் பார்த்தால், பெண் ஈக்கள் முட்டை இட்டிருக்கும். குழாய்ச் சுவரில் ஏற வேண்டிய குடம்பிகளைக் காணோம். முட்டைகள் பொரியாமலே கிடந்தன. மலைநாட்டிலிருந்து கொண்டுவந்த வழிகள் அப்படித்தான் அழிந்தன. மறை 80 பாகையில் வைத்திருந்த டி.என்.ஏ. மாதிரிகள் சிலவும் பழுதாயின. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு சென்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கலாநிதிப் பட்டம் எடுத்த பிறகும் பிள்ளைக்கு ஏன் இன்னும் நிரந்தர வேலை இல்லை என்று வீட்டார் கேட்கும்போது சொல்வதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நாம் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடும் பங்கு பல ஆண்டுகளாக 0.1 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதை ஒரே நாளில் உயர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் என்ற பதவியைப் பல்கலைக்கழக ஆளணியில் பெயரோடு சேர்த்து, குறைந்தது மூன்று ஆண்டுக் காலத்துக்கு, சேமலாப நிதியோடும் விடுமுறையோடும், திறந்த போட்டியின் மூலம் நியமிக்கலாம். ஒருவர் விலகும் முன் அடுத்தவர் வந்து சேரும்படி சில மாதங்கள் இருவரும் சேர்ந்திருக்க இடமளிக்கலாம். ஈ வழிகளையும் நுளம்பு வழிகளையும் கைமாற்ற அந்தக் கால இடைவெளி அவசியம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்கள் பொதுவில் பயன்படுத்தக்கூடிய, சூரிய மின்கலத்தோடும் பயிற்சி பெற்ற இரண்டு தொழினுட்ப உத்தியோகத்தர்களோடும் கூடிய பூச்சி வழிக் காப்பகம் ஒன்றையும் அமைக்கலாம். ஈக்கள் உண்பது சோளமாவும் சீனியும்தான். அவற்றை வளர்க்கும் செலவு பெரிதன்று. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கான முன்மொழிவுகள் கோரப்படும்போது இந்தப் பதவியையும் இந்தக் காப்பகத்தையும் ஒன்றாகச் சேர்த்து உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சுக்கு அனுப்புமாறு பல்கலைக்கழகத் துணைவேந்தர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கூர்ப்பு மரபணுவியல் ஆய்வாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.