கடலுக்கு வாட்டம் கொடுத்தது நாம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர ஆழ்துளைக் கிணறுகளில், அதாவது போர்களில், தண்ணீர் கரிக்கிறது என்று நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன். கடலுக்கு ஏதோ கோபம் வந்து ஊருக்குள் புகுந்த மாதிரி எழுதியிருந்தது. முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு, இப்போது திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஆறு மா நிலத்தோடு மல்லாடுகிறவன் நான். கடல் மட்டம் உயர்கிறது, மறுக்கவில்லை, ஆனால் உலக சராசரியில் அது 1901-லிருந்து சுமார் 20 செ.மீ. நம் மோட்டார்கள் ஒரே கோடையில் கிணற்று மட்டத்தை அதைப்போலப் பல மடங்கு இறக்கிவிடுகின்றன.

வாட்டம் என்றால் என்னவென்று நம் பக்கத்துக் கொத்தனாரைக் கேட்டால் போதும். மாடியில் டியூப் லெவல் பிடித்து "பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விடு" என்பார். எவ்வளவு உயர வித்தியாசம், அது எவ்வளவு தூரத்துக்குள் என்ற இரண்டும் அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் சரிவு. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் நின்றால் வாட்டம் கடலைப் பார்த்து இருக்கும், மோட்டார் போட்டு அதைக் கடல் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் வாட்டம் ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும்.

பிரான்சில் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, நெட்டுக்குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்து 1856-ல் ஒரு விதி சொன்னார். வாட்டத்தை இரண்டு மடங்காக்கினால் மணல் வழியே போகும் தண்ணீரும் இரண்டு மடங்கு, பாதியாக்கினால் பாதி, அவ்வளவுதான். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே தண்ணீர் சுழன்று புரண்டு ஓடுவதால் வாட்டம் இரண்டு மடங்கானாலும் வேகம் சுமார் 1.4 மடங்குதான் ஆகும். மணலுக்குள் மெல்ல ஊர்கிற தண்ணீருக்குத்தான் நேர்விகிதம்.

எவ்வளவு மெல்ல? ஒரு பேச்சுக்கு, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் என்று வையுங்கள். நல்ல பெருமணல், வாட்டம் ஒன்றுக்கு ஒன்று (ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம்) இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியே நாளைக்கு 20 கன மீட்டர் விடக்கூடியது, மணலில் கால்வாசி இடம் வெற்றிடம். கணக்குப் போட்டால் தண்ணீர் நாளைக்கு 8 செ.மீ., அதாவது நாலு விரல்கடை நகரும். வருஷத்துக்கு சுமார் 30 மீட்டர். களிமண் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் உப்பு ஏறுவது பத்து வருஷம் யார் கண்ணிலும் படுவதில்லை, ஏறிவிட்டால் ஒரு நல்ல ஐப்பசி மழையில் திரும்பிப் போவதும் இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், அதன் எடை கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் அடியிலிருந்து காலப்போக்கில் 40 மீட்டர் உப்பு ஏறும். எங்கள் தெருவில் ஒருவர் 60 அடி போர் போட்டார், வற்றியதும் அடுத்தவர் 100 போட்டார், நான் புத்திசாலி, 140 போட்டேன். முதலில் கரித்தது என் போர்தான்.

வகுப்பில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. வெப்பம் பாய்வதற்கு ஃபூரியே 1822-ல் சொன்னதும், மின்சாரத்துக்கு ஓம் 1827-ல் சொன்னதும், கரைந்த உப்பு பரவுவதற்கு ஃபிக் 1855-ல் சொன்னதும் இதே நேர்விகிதம்தான். பின்னால் வந்த இருவருமே ஃபூரியேயைப் பார்த்து எழுதியவர்கள். நான் அவற்றைத் தனித்தனிப் பாடமாக, தனித்தனி மதிப்பெண்ணாக நடத்தித் தள்ளினேன். நெல்லைச் சுள்ளென்ற வெயிலில் ஒரே நாளில் காயவைத்தால் அரைக்கும்போது நொய்யாகிறதே, அதுவும் வாட்டம்தான்: மேல்பக்கம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்க, அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் ஈரச் சரிவு செங்குத்தாகி அரிசி வெடிக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் பார்க்கிற ஊரில் இதைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேட்டூர் 120 அடியில் இன்று எத்தனை என்று தினமும் போடுகிறீர்கள், நல்லது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. வேதாரண்யம் முதல் பூம்புகார் வரையிலான கிணறுகளின் அளவையும் அப்போதைக்கப்போது போடுங்கள். "தரையிலிருந்து 20 அடி ஆழம்" என்று போட்டால் பயனில்லை, மன்னார்குடியில் தரை வேறு உயரம், கோடியக்கரையில் வேறு உயரம். தரையின் உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்து, கடல் மட்டத்துக்கு மேலா கீழா, எத்தனை அடி என்று போடுங்கள். அந்தப் பட்டியலில் எந்த ஊருக்கு நேராகக் கழித்தல் குறி வருகிறதோ அங்கே அடுத்த போர் போடுகிறவர் ஒரு நிமிஷம் யோசிப்பார். நான் யோசிக்கவில்லை, அப்போது அந்த எண் என் கையில் இல்லை.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.